பட்டன் சொன்ன பதில்

என் அன்பு வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்த முறை கேட்கவில்லை, நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "எனக்கு இங்க முடியலப்பா, நான் திரும்பி வந்துடட்டுமா" என்று கேட்டாய். அதற்கு "அதெல்லாம் போகப் போகப் பழகிடும்மா" என்று பதில் வந்தது. நீயும் "சரிப்பா" என்றாய். அம்மாடி, அந்தப் பதில் என்னுடையது இல்லை. அன்றைக்கு ராத்திரியே மெசேஜில் சொன்னேன், நீ "பரவாயில்லப்பா, நீங்க சொன்னதுதான் சரி" என்று எழுதி, கூடவே ஒரு சிரிக்கிற பொம்மையையும் போட்டு அனுப்பிவிட்டாய். பொம்மையோடு யார் வாக்குவாதம் பண்ணுவது? அதனால்தான் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், முகம் சுளிக்காமல் படி. எட்டு மாதமாக உன்னோடு முழுசாக ஒரு பேச்சு பேசாத மனிதன் எழுதுகிறேன்.

இதை முழுக்க நானே கீபோர்டில் அடித்தேன், அதுவும் குனிந்து பார்க்காமல். நம்ப மாட்டாய் என்று தெரியும். நீ வேலைக்குக் கிளம்பிய வாரம் உன் பழைய லேப்டாப்பை என் மடியில் வைத்து, "நீங்க அடிங்கப்பா, இது பேசும்" என்று காட்டிக்கொடுத்தாயே, அன்றைக்கு நான் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போனதைக் கூட நான் பெரிதாக நினைக்கவில்லை, உயிர் இருக்கிறது, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் உன் முதல் போன் வந்த அன்றைக்குத்தான் என்ன போனது என்று புரிந்தது. நீ "அப்பா எப்படி இருக்கீங்க" என்றாய், நான் அடிக்க ஆரம்பித்தேன், நீ "அப்பா, இருக்கீங்களா, லைன்ல இருக்கீங்களா" என்றாய், நான் இன்னும் முதல் வார்த்தையிலேயே இருந்தேன், அதற்குள் அம்மா போனை வாங்கி "அப்பா நல்லா இருக்கார்டி" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிட்டாள். முப்பது வருஷம் மீன் ஏலம் விட்டவன் நான். ஒரு கூடை மீனைக் காட்டி மூச்சு விடாமல் விலை ஏற்றி, நாலு பேரைக் கிண்டல் பண்ணி, அஞ்சாவது ஆள் தலையில் கட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவேன். பேச்சில் என்னை அடிச்சிக்க ஆள் கிடையாது என்று அந்த ஏலக்கூடமே சொல்லும். அப்படிப்பட்டவனுக்கு, பெற்ற பெண்ணிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்ல அம்மாவின் சிபாரிசு வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப் தப்பியதே பெரிய விஷயம்.

மறுநாளே மாடி வீட்டில் குடியிருக்கும் டைப்பிஸ்டிடம் போய் நின்றேன். உனக்குத் தெரியுமே, கோர்ட்டில் வேலை பார்க்கிற பெண், நாம் எதிரே வந்தாலும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே போவாளே, அவள்தான். உன்னைவிட நாலைந்து வயசுதான் பெரியவளாக இருப்பாள், ஆனால் கண்டிப்பைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "சார், இன்னைக்கு எவ்வளவு நேரம் அடிச்சீங்க" என்று கேட்பாள். நான் தட்டிய தட்டலில் முதல் நாளே வீடு அதிர்ந்தது, "சார், நீங்க டைப் அடிக்கல, கீபோர்டை ஏலம் விடறீங்க" என்றாள். அம்மாவுக்கு அன்றைக்கெல்லாம் ஒரே சிரிப்பு. டைப்பிஸ்ட் கை மேல் துணி போட்டு மூடச் சொன்னாள், எழுத்தைப் பார்த்தால் விரல் கற்றுக்கொள்ளாதாம். அம்மா தையல் கடையில் மிச்சம் விழுந்த பூப்போட்ட துணியில் ஒரு மூடி தைத்து, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தாள். அதற்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பிரசவம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று தம்பி கேலி பண்ணுகிறான். அவன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து கிரீஸ் கையோடு என் கீபோர்டைத் தொட்டான் என்பதற்காக அவனுக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை, அதாவது நான் அவனுக்கு அடிக்கவில்லை.

முதல் கொஞ்ச நாள் நடு வரிசை மட்டும்தான். விரலை அங்கேயே குடியேற்ற வேண்டும், எங்கே போனாலும் அங்கேதான் திரும்பி வர வேண்டும் என்றாள். நடு வரிசை எழுத்தை வைத்து என்ன வார்த்தை வருகிறது தெரியுமா? பயம், மயக்கம், தயக்கம். ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தினமும் அதையே அடித்தேன். மேல் வரிசைக்குப் போன பிறகுதான் 'மகள்' என்று அடிக்க முடிந்தது. அன்றைக்கு ஒரு பக்கம் முழுக்க மகள் மகள் மகள் என்று அடித்தேன், டைப்பிஸ்ட் பார்த்துவிட்டுத் தப்பு இருந்த இடத்தில் மட்டும் கோடு போட்டுக் கொடுத்தாள். தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, அப்படியே விட்டுவிட்டு மேலே போக வேண்டும், அழித்து அழித்து அடிக்கிறவனுக்கு வேகம் வரவே வராது, மெதுவாக அடித்தாலும் ஒரே தாளத்தில் அடி, வேகம் தானாக வரும், இதுதான் அவளுடைய பாடம். எனக்கா மெதுவாக? என் இடது கைச் சுண்டுவிரல் வேறு சண்டித்தனம் பண்ணும், ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி விழுந்து கோணிப்போன விரல், மேல் வரிசைக்கு எட்டாது. 'ஆ' என்ற எழுத்து அந்த விரலுக்குத்தான், 'ப' அடித்து 'ஆ' அடித்தால்தான் 'பா' வரும். அப்பா, அம்மா, வா, போ, சாப்பிட்டியா என்று உன்னிடம் பேச வேண்டிய பாதிப் பேச்சு அந்தக் கோணல் விரலைத் தாண்டித்தான் போக வேண்டும். ('போ' இதில் சேராது, அதற்கு 'ஓ', வேகத்தில் வந்துவிட்டது. அழிக்கக் கூடாது, அதனால் இருக்கட்டும்.)

ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் இத்தனை பாடும். நீ கூப்பிடுவது சாயங்காலம், நான் மத்தியானமே லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அம்மா "மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்பாள். உன் குரல் வந்தவுடன் எனக்குத் தலைகால் புரியாது. நீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம், மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ஜன்னல் பக்கம் பஸ் போகிற சத்தம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் என் பேச்சு எப்போதும் கடைசி வண்டி. ஒரு நாள் நீயும் அம்மாவும் பக்கத்துக் கடைக்காரி தைத்த பேண்டின் கால் இரண்டும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டதைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், நான் "அவளுக்கு நல்லா வேணும்" என்று அடித்தேன். அடித்து முடிப்பதற்குள் நீங்கள் அவளுடைய மாமியார் மாடிப்படியில் விழுந்து இடுப்பு முறிந்த கதைக்குப் போய்விட்டீர்கள். சரியாக அந்த இடத்தில் என் மெஷின் செய்தி வாசிக்கிற குரலில் "அவளுக்கு நல்லா வேணும்" என்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நீ அன்றைக்குச் சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுடச்சுடப் பேசிப் பழகிய வாய், ஆறிப்போன பேச்சைப் பரிமாறினால் எனக்கே பிடிக்குமா?

அங்கேதான் எனக்குப் புத்தி கோணலாக வேலை செய்தது. அந்த மெஷினில் ஒரு வசதி இருப்பதை நானே தோண்டிக் கண்டுபிடித்தேன், ஒரு வாக்கியத்தை முன்னாலேயே அடித்துச் சேர்த்து வைத்துவிட்டால், எழுத்துக்கெல்லாம் மேலே இருக்கிற வரிசையில் ஒரு பட்டனைத் தட்டியவுடன் அது முழு வாக்கியத்தையும் பேசிவிடும். உன் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எனக்கு மனப்பாடம். முதலில் உடம்பு எப்படி என்பாய், அடுத்து டாக்டர் என்ன சொன்னார் என்பாய், அப்புறம் சாப்பாட்டைக் கேட்பாய், கடைசியில் அங்கே குளிர் தாங்கவில்லை என்பாய். வரிசையாக நாலு பட்டனில் நாலு பதிலை ஏற்றி வைத்தேன். முதல் வாரம் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய், "அப்பா சூப்பர் ஸ்பீடுப்பா, எப்படிப்பா" என்று கேட்டாயே, நானும் பெருமையில் உச்சி குளிர்ந்து, பயிற்சிதான்மா என்று அடித்தேன், அது ஒன்றுதான் அன்றைக்கு நிஜமாக அடித்தது. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. உடம்பைக் கேட்டாய், தட்டினேன். டாக்டரைக் கேட்டாய், தட்டினேன். சாப்பாட்டைக் கேட்டாய், தட்டினேன். குளிர் என்று ஆரம்பித்தாய், விரலைக் கடைசிப் பட்டன் மேல் வைத்துத் தயாராக இருந்தேன். ஆனால் நீ குளிரோடு நிற்கவில்லை. லேபில் கீழ்த்தளத்தில் நாள் முழுக்க ரத்த பாட்டிலும் மெஷினும்தான், ரூமில் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் வேறு வேறு ஷிப்ட், "மூணு நாளா யார்கிட்டயும் பேசலப்பா, பஸ் டிரைவருக்குத் தேங்க்ஸ் சொன்னதுதான்" என்றாய். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினாய். நீ நிறுத்தினால் என் முறை என்று விரலுக்குப் பழக்கமாகிவிட்டது. நீ வந்துடட்டுமா என்று கேட்டதும் விரல் இறங்கியதும் ஒரே நேரம். குளிருக்காக ஏற்றி வைத்திருந்த பதிலை, போகப் போகப் பழகிடும்மா என்று, அந்தக் கட்டைக் குரல் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டது. நான் பதறிப்போய் 'இல்லம்மா' என்று அடிக்க ஆரம்பித்தேன், பதற்றத்தில் விரல் நடு வரிசையை விட்டே நகர்ந்துவிட்டது, திரையில் என்னென்னவோ வந்தது, மெஷின் அதையும் வாசிக்கப் பார்த்து உளறியது. அதற்குள் நீ சரிப்பா வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய்.

அடுத்த ஞாயிறு நீ கூப்பிட்டபோது ஒரே குஷி. "பழகிடுச்சுப்பா, இப்ப நல்லா இருக்கு" என்றாய். யார் காதில் பூ சுற்றுகிறாய்? முப்பது வருஷம் குரலைக் கேட்டே சோறு தின்றவன் நான். உண்மையிலேயே மீன் வேண்டும் என்கிறவன்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, குரலை லேசாக்கி, எனக்கு வேண்டாம்ப்பா என்பான். அந்தக் குரலில்தான் நீ பேசினாய். எனக்குப் பேச ஆள் இருக்கிறது, குரல் இல்லை. உனக்குக் குரல் இருக்கிறது, பேச ஆள் இல்லை. வீட்டில் இருந்தவரை உன் வாயை மூடச் சொல்லியே அம்மாவுக்குத் தொண்டை வறண்டது, அந்தப் பெண் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தாள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

டைப்பிஸ்டிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம். "கோர்ட்ல சாட்சி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் அடிச்சா என்ன ஆகும் சார், உள்ள போயிடுவேன்" என்றாள். அவள் எதிரிலேயே அந்த நாலு பட்டனையும் காலி பண்ணினேன். அன்றிலிருந்து பயிற்சியே வேறு. பேப்பரை எடுத்து எங்கேயாவது ஒரு பக்கத்தைப் பிரித்துத் திடீரென்று எதையாவது வாசிப்பாள், நான் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். முன்னால் நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை தேறாது, இப்போது இருபதைத் தாண்டிவிட்டேன். பகலில் அவள் இல்லாத நேரத்துக்கு அம்மாவைப் பிடித்தேன். அவள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சமையலறையில் நின்றுகொண்டு நீயாக நடிப்பாள், நான் கூடத்தில் லேப்டாப்போடு நானாகவே இருப்பேன். உன்னை மாதிரியே இழுத்து இழுத்து "அப்பாஆ" என்பாள், சிரிப்பு தாங்காது. உடம்பு, டாக்டர், சாப்பாடு எல்லாவற்றையும் வரிசை மாற்றி மாற்றிக் கேட்பாள். இடையில் ஒன்று சொல்ல வேண்டும், உன் விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஊரெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறோம், இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் சரியாகிவிடும் என்பது அவள் கட்சி. நான் அடிப்பதற்குள் அவள் நாலு வாதம் வைத்துவிடுவாள், அதனால் அந்த வழக்கில் எனக்குத் தோல்விதான். போன புதன்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே நீயாகப் பேசிக்கொண்டிருந்தவள், என்ன நினைத்தாளோ, "அப்பா, எனக்கு இங்க முடியலப்பா, நான் வந்துடட்டுமா" என்று கேட்டாள். நடிப்பாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அவள் குரல் மாறிவிட்டது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஆள்காட்டி விரலைக் கீழே இறக்கி 'வ' அடித்தேன், கோணல் விரலை மேலே நீட்டி 'ஆ' அடித்தேன். வா என்று மெஷின் சொன்னது. அதற்கு மேல் அவள் நீயாக நடிக்கவில்லை, குழாயை மூடிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் உன் கட்டிலில் மலை மாதிரி அடுக்கி வைத்திருந்த துணி மூட்டையெல்லாம் தம்பியின் அறைக்குப் போயிருந்தது. அவன் எங்கே படுப்பது என்று கத்துகிறான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கு மேல் நான் உனக்கு என்ன சொல்ல. வந்துடட்டுமா என்று கேட்டாயே, சொந்த வீட்டுக்கு வர யாராவது அனுமதி கேட்பார்களா? தோற்றுப்போய் வருகிறோம் என்று நினைக்காதே, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசட்டும், பதில் அடிக்க எனக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. வேலை இங்கேயும் கிடைக்கும், கொஞ்சம் தாமதமானாலும் கிடைக்கும். இல்லை, இருந்து பார்க்கிறேன் என்று நீயாக யோசித்து முடிவு பண்ணினால் அதற்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஆனால் அப்பா பழகிடும் என்று சொன்னார், அதனால் இருக்கிறேன் என்று மட்டும் இருந்துவிடாதே. அதை என்னால் தாங்க முடியாது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. தினமும் இருக்கிறது. ஆசையாகச் சமைத்ததை அம்மா உன் தட்டில் போட, எதிரில் நீ உட்கார்ந்து வாய் ஓயாமல் பேச, நான் ஒரு வார்த்தையும் அடிக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போல இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, காலில் சாக்ஸ் போடாமல் அலையாதே, ராத்திரி ஷிப்ட் முடிந்தால் தனியாக நடக்காமல் பஸ் வரும்வரை உள்ளேயே நில். உன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியதைப் பதமாகச் சொல், உன் வாய் உனக்கே எதிரி ஆகிவிட வேண்டாம். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைஞ்சு, நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டு நீ நல்லா இருக்க வேண்டும் தங்கம், அம்மாவும் நானும் வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான். ஒன்று மறந்துவிடாதே. நீ வருவது என்று முடிவானால் பெரும்பாலும் பகல் வண்டியாகத்தான் இருக்கும், அம்மா கடையில் இருப்பாள், தம்பி ஒர்க்‌ஷாப்பில் இருப்பான், வீட்டில் நான் மட்டும்தான். கதவைத் தட்டினால் யாரது, இதோ வரேன் என்று குரல் கொடுக்க என்னால் முடியாது. உள்ளே சத்தமே இல்லையே, யாரும் இல்லை போலிருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடாதே. தட்டிக்கொண்டே இரு. நான் வந்துகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா